எடம் விட்டு எடுத்த போட்டோ

எங்க அம்மா வீட்டு நடுவீட்டுச் செவுத்துல ஒரு பெரிய போட்டோ தொங்குது. அப்பாவோட அறுபதாங் கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல வச்சு எடுத்தது. வீட்டுக்கு வர்றவுக மொதல்ல அதத்தான் பாப்பாக. பாத்துட்டு, சின்னவ சிங்கப்பூர்லருந்து வந்திருந்தாளா, மண்டபத்துல எங்க கண்ணுலயே படலயேன்னு கேப்பாக. அம்மாவும் மொகமெல்லாம் பல்லா, ஆமா வந்திருந்தான்னு வாய் கூசாமச் சொல்லும். நான் அங்கனயே நின்னு அவுகளுக்குக் காப்பி ஆத்திக்கிட்டு இருப்பேன்.

என் தங்கச்சி வரல. அவள அந்தப் போட்டோவுக்குள்ள கொண்டாந்து நிறுத்துனது நான். ஒரு பிசிறு கெடையாது, கையில கண்ணாடிய வச்சுப் பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அம்புட்டு நல்லா வேலை செஞ்சதுக்கு என்னைய நானே செருப்பால அடிச்சுக்கலாம்னு சில நேரம் தோணும். வயித்தெரிச்சல்னு நெனச்சா நெனச்சுக்கங்க. வயித்தெரிச்சல்தான். ஆனா அவள அங்க நிலையா நிறுத்துறதுக்கு முன்னாடி அதே எடத்துல வேற ஒரு ஆள நிறுத்திப் பாத்தேன். அந்தக் கதையத்தான் சொல்ல வாரேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்டூடியோவுல நான் வேலை பாக்குறேன். கல்யாண ஆல்பம், காதுகுத்து பிளெக்ஸ், பாஸ்போர்ட் சைஸு எல்லாம் என் கையிலதான். என்ன வேலைன்னு யாராச்சும் கேட்டா, ஆள வெட்டுறதுன்னு சொல்லுவேன். டவுன் பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்திருந்த ஒரு அம்மா அதக் கேட்டுட்டு எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருச்சு. ஆனா அதுதான் வேலை. ஒரு போட்டோவுல எது வேணும் எது வேணாம்னு கோடு போட்டுப் பிரிக்கணும். அதுக்குத்தான் செலெக்சன்னு பேரு. அது ஒழுங்கா அமைஞ்சா மத்ததெல்லாம் தன்னால நடக்கும். அது கோணிப்போச்சுன்னா மாப்பிள்ளைக்குக் காது இருக்காது, பொண்ணுக்குப் பாதிக் கொண்டை போயிரும்.

வெறும் செவுத்து முன்னாடி நிக்கிற ஆளுன்னா மேஜிக் வாண்டுல செவுத்தத் தொட்டாப் போதும், செவுறு பூராப் புடிச்சுக்கும். கையால சுத்தி வரையிறதுக்கு லாசோ இருக்கு, அது அவசரத்துக்கு ஆகும். நம்பிக்கையான வேலைக்கு பென் டூல்தான். புள்ளி புள்ளியா வச்சுக்கிட்டே சேலைக்கரையோரமா, தோளோரமா, காதோரமாப் போகணும். சுத்தி வந்து மொதப் புள்ளியில முடிச்சு, அத செலெக்சனா மாத்துனா ஆளச் சுத்தி விட்டு விட்டு ஒரு கோடு ஓடும். எங்க கடையில அத எறும்புன்னு சொல்லுவோம். எறும்பு ஓடிருச்சுன்னா அந்த ஆளு நம்ம கைக்குள்ள வந்தாச்சு. தூக்கி எங்க வேணும்னாலும் வைக்கலாம்.

இப்ப ஒரு பட்டன் வந்திருக்கு. அமுக்குனா அதுவாவே ஆளக் கண்டுபிடிச்சு எறும்ப ஓட விட்டுரும். கடைக்கார அண்ணன் அத மொதமொத பாத்தன்னிக்கு, இனிமே உனக்கு வேலை இல்ல ஆத்தான்னு சிரிச்சாரு. மறுவாரமே ஒருத்தர் அய்யலூர் சந்தையில வாங்குன கெடாவ பிளெக்ஸுல போடணும்னு போட்டோ கொண்டாந்தாரு. வேலிப்படல் முன்னாடி நிக்கிற கெடா. பட்டன் கெடாவையும் வேலியையும் சேத்துப் புடிச்சுக்கிட்டு முழிச்சுச்சு. நான்தான் ஒக்காந்து ஒவ்வொரு ரோமமா எடுத்துக் குடுத்தேன். கெடாவோட கெத்து கொறையாம வந்திருக்குன்னு அந்த மனுசன் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் குடுத்தாரு. இத எதுக்குச் சொல்றேன்னா, என் கைக்கு வெட்ட முடியாததுன்னு ஒண்ணு இருந்ததில்ல.

எங்க பக்கம் விசேசங்கள்ல ஒரு பழக்கம் இருக்கு. குடும்பத்துல ஒருத்தர் வெளிநாட்டுல இருந்து வர முடியலன்னா, குரூப் போட்டோ எடுக்கும்போது அவுகளுக்கு எடம் விட்டு நிப்பாக. போட்டோகிராபரே சொல்லிருவாரு, செத்த தள்ளி நில்லுங்க, அவருக்கு எடம் விடுங்கன்னு. பொறவு வராதவுக அங்கருந்து ஒரு போட்டோ அனுப்புவாக. அத வெட்டி இந்த எடத்துல வச்சுட்டா குடும்பம் நெறைஞ்சிரும். துபாய், சிங்கப்பூர், மலேசியான்னு எத்தன மாமன் மச்சினன என் கையால மண்டபத்துக்குக் கூட்டியாந்திருக்கேன். அப்பல்லாம் ஒண்ணும் தோணல. நம்ம வீட்டுல நடக்கும்போதுதான் அடிவயித்துல இருந்து பத்திக்கிட்டு வந்துச்சு.

அப்பாவுக்கு அறுவது தொடங்குறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி வாதம் வந்து எடது பக்கம் விழுந்துருச்சு. சாணார்பட்டிப் பக்கம் ஊர்ல தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு, ரெண்டு பேரையும் எங்க தெருவுக்கே கூட்டியாந்து வீடு பாத்து வச்சேன். காலையில கடைக்குப் போறதுக்கு முன்னாடி அப்பாவ நடக்க வைக்கிறது நான். சாயங்காலம் வந்து மறுபடி நடக்க வைக்கிறது நான். மாத்திரை, டாக்டரு, முடி வெட்டுறதுக்கு ஆளக் கூப்புடுறது எல்லாம் நான். பெருமைக்குச் சொல்லல. பெருமைக்கும்தான் சொல்றேன், அதுல என்ன.

இம்புட்டு செஞ்சும் நான் போனா அம்மா சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். வெஞ்சனம் அடுப்புல இருக்கு, போட்டுச் சாப்டுன்னு சொல்லும். திரும்பிக்கூடப் பாக்காது. ஆனா தங்கச்சி போன்ல வந்தான்னா போதும், கரண்டிய அப்புடியே சட்டிக்குள்ள போட்டுட்டு ஓடும். சாப்டியாத்தா, எளச்சுட்டியேத்தா, அங்க வெயிலா மழையான்னு அம்புட்டுக் கரிசனம். அவ ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்தா வீடே திருவிழாவாயிரும். அவளுக்குன்னு பீரோவுல ஒரு தட்டு எடுத்து வச்சிருக்கு, வேற யாரும் அதுல சாப்புடக் கூடாது. ஒருநா நான் அந்தத் தட்டுல சோத்தப் போட்டுத் தின்னுட்டு, கழுவி அது இருந்த எடத்துலயே வச்சுட்டேன். அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அறுபதாங் கல்யாணத்துக்கு சின்னாளபட்டியில போய் அம்மா மூணு சுங்குடிச் சேலை எடுத்துச்சு. தனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு. போட்டோவுல மூணு பேரும் ஒண்ணுபோல இருக்கணுமாம். வராதவளுக்கு எதுக்குச் சேலைன்னு கேட்டேன். அவ அங்க கட்டிப் போட்டோ எடுத்து அனுப்புவா, நீதான சேத்துப் போடப்போறன்னுச்சு. சரி, அதையாச்சும் விடுங்க. வெங்காயக் கலர்ல ஒண்ணு இருந்துச்சு, பாத்த ஒடனே என் கை அதுக்குத்தான் போச்சு. அம்மா அதத் தனியா எடுத்து வச்சுட்டு எனக்குக் கரும்பச்சையக் குடுத்துச்சு. கேட்டா, அன்னிக்கு நீ ஓடியாடி வேலை பாக்கணும், இதுல அழுக்குத் தெரியாதுன்னு சொல்லுச்சு. கடைக்காரர் முன்னாடி சண்டை போட முடியாமப் பல்லக் கடிச்சுக்கிட்டு வந்தேன். அந்த வெங்காயக் கலரு கூரியர்ல ஏறிச் சிங்கப்பூருக்குப் போயிருச்சு.

விசேசம் நல்லபடியா முடிஞ்சுச்சு. தாலி கட்டி, கும்புட்டு விழுந்து, பந்தி எல்லாம் ஆனப்புறம் குரூப் போட்டோவுக்கு நின்னோம். எங்க கடைக்கார அண்ணன்தான் கேமரா. அப்பாவுக்கு நாற்காலி போட்டாங்க, அவரு ஒக்கார மாட்டேன்னுட்டாரு. காலையிலருந்து சீக்காளி மாதிரி ஒக்காந்தே இருந்தாச்சு, போட்டோவுலயாச்சும் நிக்கிறேன்னு பிடிவாதம். அதனால நான் அவருக்கு எடது பக்கமா நின்னு, பின்னாடி கைய விட்டு இடுப்பப் புடிச்சுக்கிட்டேன். அவரு பாரம் பூரா என் மேல சாஞ்சிருந்துச்சு. அவருக்கு வலது பக்கம் அம்மா. அம்மாவுக்கு அந்தப் பக்கம் சின்னவளுக்குன்னு ஒரு ஆளு எடம். முன்வரிசை அம்புட்டுதான். என் வீட்டுக்காரரு, பிள்ளைக, சொந்தக்காரவுக எல்லாம் பின்னாடி பூத்தெரையோரமா, படியில நடுவாக்குல ஏறி நின்னாங்க.

அண்ணன் கேமராவத் தூக்கும்போது அம்மா ஒரு காரியம் பண்ணுச்சு. யாரும் சொல்லல. வலது கையத் தூக்கி அந்த வெறும் எடத்துல, தங்கச்சி தோள் மேல போட்டாப்புல, அந்தரத்துல வச்சுக்கிட்டுச்சு. பின்னாடி நின்னவுக எல்லாரும் சிரிச்சாக. அப்பாவே சிரிச்சாரு. அண்ணன், அப்புடியே ஆடாமப் புடிச்சுக்கங்கம்மான்னு சொல்லி வரிசையா எடுத்தாரு. அம்மா அந்தக் கைய எறக்கவே இல்ல. நான் அப்பாவுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கேமராவப் பாரு கேமராவப் பாருன்னு அண்ணன் ரெண்டு மூணு தடவ என்னையக் கத்துனாரு.

எனக்கு நெனவு தெரிஞ்சு அம்மா என் தோள் மேல கை போட்டு நின்ன ஒரு போட்டோ கெடையாது. எங்க வீட்டு ஆல்பத்தையெல்லாம் பொரட்டிப் பாத்துட்டேன். என் கல்யாணப் போட்டோவுலகூட கையக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிது. வராதவளுக்கு, வெறும் காத்துக்குக் கை போடத் தெரியுது. எனக்கு அந்தக் கை வேணும். அந்த எடம் வேணும். வேற ஒண்ணும் வேணாம்.

தங்கச்சி போட்டோ அனுப்புனா. எடுக்கறதுக்கு முன்னாடி நான் அத்தன தடவ சொல்லி விட்டேன். வெளிச்சம் எடது பக்கமிருந்து வரணும், வெள்ளச் செவுத்து முன்னாடி நில்லு, தலையப் பின்னிப் போட்டுக்கன்னு. எல்லாத்தையும் கேட்டுட்டு தலைய மட்டும் விரிச்சுப் போட்டு, மல்லியப்பூவையும் வச்சுக்கிட்டு நின்னிருந்தா. பூ வச்ச விரிச்ச தலைய வெட்டுறது எம்புட்டு எழவுன்னு எங்க தொழில்ல இருக்குறவுகளக் கேட்டாத் தெரியும். ஒவ்வொரு முடிக்கும் பதில் சொல்லணும். மத்தபடி ஒரு குத்தம் சொல்ல முடியல. வெங்காயக் கலரு அவளுக்கு எடுப்பா இருந்துச்சு. எனக்கு இன்னும் எடுப்பா இருந்திருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் கடையில கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து ஒக்காந்தேன். செவுத்த வாண்டால தொட்டு, செலெக்சனத் திருப்பிப் போட்டு ஆளப் புடிச்சேன். ஓரத்துக்குக் கொஞ்சம் ஃபெதர் குடுத்து மெதுவாக்குனேன், இல்லாட்டி கத்திரிச்சு ஒட்டுன மாதிரி இருக்கும். தலைமுடிய மட்டும் தனியாப் பிரஷ்ஷ வச்சுப் புடிச்சேன். மல்லியப்பூ மொட்டு மொட்டா வந்துச்சு. அவளத் தூக்கி மண்டபத்துப் போட்டோவுல போட்டேன். அப்பா ஒசரத்துக்கும் அவ ஒசரத்துக்கும் ஒரு கணக்கு எனக்குத் தெரியும், அந்தக் கணக்குக்கு அவள சைஸ் பண்ணிட்டு, எடத்துல நகட்டி வச்சேன்.

அம்மா கை அவ தோள் மேல போய் ஒக்காந்துச்சு.

நான் ஒண்ணும் பண்ணல. கைய ஏத்தல, எறக்கல, தோளச் சரிக்கல. சாதாரணமா இந்த மாதிரி வேலையில ஒரு கை ஒட்டணும்னா அரைநாள் மல்லுக்கட்டணும். இது போன ஒடனே பொருந்திக்கிச்சு. தங்கச்சி அப்பா மாதிரி ஒசரம். அம்மா குள்ளம். கையத் தூக்கித்தான் அவ தோள எட்டணும். அந்த ஒசரத்த அம்மா யாரையும் கேக்கல, அளந்து பாக்கல, ஆளே இல்லாத எடத்துல சரியா வச்சிருக்கு. ரெண்டு வருசமா நேர்ல பாக்காத பிள்ளையோட தோள் எங்க இருக்கும்னு அந்தக் கைக்குத் தெரிஞ்சிருக்கு. மவுஸத் தூக்கி அடிக்கலாம்னு வந்துச்சு. கடைக்கார அண்ணனோட மவுஸுங்குறதால விட்டேன்.

அவ இருந்த அடுக்க, நாங்க லேயர்னு சொல்றத, கண்ணுக்குத் தெரியாம மறைச்சு வச்சுட்டு என்னைய வெட்ட ஆரம்பிச்சேன்.

மொதல்ல சோம்பேறித்தனத்துல அந்தப் பட்டன அமுக்குனேன். என் மேல மவுஸ வச்சு இந்த ஆளப் புடின்னா, அது என்னையும் அப்பாவையும் சேத்து ஒரே ஆளாப் புடிக்குது. எறும்பு என் தலையில ஏறி அப்பா தோள்ல எறங்கி, ரெண்டு பேரையும் ஒண்ணாச் சுத்தி வருது. அப்பாவ மட்டும் கழிச்சு விட்டா என் தோளையும் சேத்துக் கழிக்குது. என் தோளச் சேத்தா அப்பா சட்டை பாதி வருது. போடா நீயும் உன் பட்டனும்னு பென் டூல எடுத்தேன். கெடாவோட ரோமத்த எடுத்தவளுக்கு என்னைய எடுக்கவா தெரியாது?

பெரிசாக்கிப் பாத்து, அப்பாவோட வெள்ளச் சட்டையோரமாப் புள்ளி புள்ளியா வச்சுக்கிட்டு வந்தேன். அவரு சாஞ்சிருந்ததுல சட்டையும் என் சேலையும் ஒண்ணோட ஒண்ணு கசங்கி, எது எதுன்னு தெரியல. குத்துமதிப்பாப் பிரிச்சேன். என்னைய வெட்டி எடுத்து, நான் நின்ன எடத்துல பின்னாடி இருந்த பூத்தெரைய எடுத்து ரொப்புனேன். அங்க நான் நின்னதுக்கு ஒரு அடையாளமும் இல்லாமப் போச்சு. பொறவு என்னையத் தூக்கிக்கிட்டுப் போய் அம்மாவுக்கு அந்தப் பக்கம் வச்சேன்.

அம்மா கை என் காதுகிட்ட நின்னுச்சு. சின்னப்பிள்ளையில வாத்தியாரு காதப் புடிச்சுத் திருகுவாரே, அந்த மாதிரி இருந்துச்சு. நான் அம்மா மாதிரி குள்ளம். அந்தக் கைக்குக் கீழ என் தோள் எட்டல.

விடுவேனா. என்னைய இழுத்துப் பெருசாக்குனேன். தோள் கைக்கு வர்ற வரைக்கும் இழுத்தேன். தோள் வந்துச்சு, கூடவே என் தலையும் பூசணிக்கா அளவுக்கு வந்துச்சு. பக்கத்துல அம்மா என் மக மாதிரி இருந்துச்சு. கட்சிக்காரன் பிளெக்ஸுல தலைவரு நிக்கிற மாதிரி நான் நின்னேன். தலைய மட்டும் தனியா செலெக்ட் பண்ணிச் சின்னதாக்கி, கழுத்த ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமா ஆளச் சரி பண்ணேன். கடைசியில பாத்தா அம்புட்டு மோசமில்ல. அம்மா கை என் தோள் மேல. அம்மா சிரிக்குது. நான் கேமராவப் பாக்காம வேற எங்கயோ பாக்குறேன், இருந்துட்டுப் போகட்டும். ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். பாஸ்போர்ட் சைஸுக்கு வந்த ஒருத்தர் ரெண்டு தடவ இருமுனப்புறம்தான் எந்திரிச்சேன்.

சும்மா பாத்துட்டு அழிச்சிருக்கலாம். எனக்குக் கொழுப்பு. ஒரு பிரிண்டு போட்டேன். அம்மாகிட்டக் காமிக்கணும். தன் செல்ல மக இல்லாம, அவளுக்கு விட்ட எடத்துல நான் நிக்கிறதப் பாத்துட்டு அந்த மொகம் எப்புடிப் போகுதுன்னு பாக்கணும். சின்னவ எங்கடின்னு கேக்கும். அவ அனுப்புன போட்டோ தெளிவா இல்ல, சேக்க முடியலன்னு சொல்லணும். வண்டியில வரும்போது அதையே சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன்.

சாயங்காலம் போனப்ப அப்பா கட்டில்ல ஒக்காந்திருந்தாரு. அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்துச்சு. போட்டோ வந்திருச்சுன்னு கவரக் குடுத்தேன். கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு, கண்ணாடிய மாட்டி, லைட்டுக்குக் கீழ போய் நின்னு பாத்துச்சு. நான் செவுத்துல சாஞ்சுக்கிட்டுத் தயாரா நின்னேன்.

அம்மா மொதல்ல நான் நிக்கிற எடத்தப் பாத்துச்சு. பாத்துட்டு ஒண்ணும் கேக்கல. கட்டவெரலு அப்புடியே நகந்து அப்பாகிட்டப் போச்சு. அங்கயே நின்னுச்சு. போட்டோவக் கிட்டக் கொண்டு போய் மறுபடி பாத்துச்சு.

"இது உன் கைதானடி?"

எனக்குப் புரியல. எட்டிப் பாத்தேன். அப்பாவோட வெள்ளச் சட்டையில, இடுப்புக்கிட்ட, அம்மா பக்கமா நாலு வெரலு தெரிஞ்சுச்சு. மோதிரத்தோட. பின்னாடி விட்டு அணச்சுப் புடிச்சிருந்த என் கை. ஆள இந்தப் பக்கமிருந்து சுத்தமா வெட்டி எடுத்தவ, அந்தப் பக்கம் சுத்தி வந்த வெரல மறந்துட்டேன். கடையில வேற யாராச்சும் இப்புடிப் பண்ணிருந்தா மானத்த வாங்கிருப்பேன். ஆளு இல்ல, வெரலு மட்டும் அப்பா இடுப்பக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு இருக்கு.

"நீ இங்கிட்டு வந்துட்டா அப்பாவ யாருடி புடிச்சுக்கிறது?" அம்மா கொரல்ல கோவம் இல்ல, பதட்டந்தான் இருந்துச்சு. "பாரு, எப்புடிச் சாஞ்சு நிக்கிறாருன்னு. விழுந்துருவாரு."

போட்டோவுலதானம்மான்னு சொன்னேன். போட்டோவுலன்னாலும்னுச்சு. உண்மையிலேயே அவரு விழுகுற மாதிரித்தான் இருந்தாரு. ஒடம்பு பூரா எடது பக்கமாச் சரிஞ்சு, அங்க பூத்தெரை மட்டும் இருந்துச்சு. கடையில அத்தன நேரம் பாத்தும் அது என் கண்ணுல படல. நான் என் தோளையும் அந்தக் கையையும் மட்டுந்தான் பாத்திருக்கேன்.

ஆனா எனக்கு அப்ப ஆத்திரந்தான் வந்துச்சு. சின்னவ எங்கன்னு கேட்டிருந்தாக்கூட ஆறிப்போயிருப்பேன். என்னையப் பாத்து ஒரு வார்த்தை, நீ என் பக்கத்துல நல்லா இருக்கடின்னு ஒரு வார்த்தை வரல. நேரா அப்பாவப் புடிக்கிற வேலைக்குப் போயிருச்சு. தயார் பண்ணி வச்சிருந்த பொய்யெல்லாம் போச்சு. எனக்கே தெரியாம வாயத் தொறந்துட்டேன். வராதவளுக்கு எடம் விட்டு, காத்துல கை போட்டு நின்னியே, எனக்கு என்னிக்காச்சும் ஒரு எடம் விட்ருக்கியான்னு கேட்டேன். சேலைக்கலரு, தட்டு, போன் எல்லாத்தையும் எடுத்துக் கொட்டுனேன். அப்பா கட்டில்ல இருந்து பாத்துக்கிட்டே இருந்தாரு.

அம்மா கண்ணாடியக் கழட்டிட்டு என்னைய உத்துப் பாத்துச்சு. நடிப்பு இல்ல, நெசமாவே அதுக்கு வெளங்கல. நான் ஏதோ வேற ஊரு பாஷை பேசுன மாதிரி நின்னுச்சு.

"உனக்கு எதுக்குடி எடம் விடணும்? நீதான் இருக்கியே."

அதக் கேட்டு மனசு குளுந்துச்சுன்னு சொன்னாப் பொய். நெஞ்சுல மிதிச்ச மாதிரியும் இருந்துச்சு, தலையத் தடவுன மாதிரியும் இருந்துச்சு. இருக்குறவளுக்கு எடம் கெடையாதான்னு கேக்கலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அப்பா எந்திரிக்கணும்னு வலது கையக் கட்டில்ல ஊண்டுனாரு. அவருக்கு நடக்குற நேரம். நான் பேச்ச அப்புடியே விட்டுட்டுப் போய் பின்னாடி கையக் குடுத்து இடுப்பப் புடிச்சேன். அவரு ஒடம்பு வழக்கம்போல என் மேல சாஞ்சுச்சு.

அந்த நேரம் பாத்து போன் அடிச்சுச்சு. தங்கச்சிதான், வீடியோ கால். அம்மா போட்டோவக் கீரை மேலயே போட்டுட்டு, வெளிச்சத்துக்காக வாசப்பக்கம் ஓடுச்சு. மொகம் மாறிருச்சு. சாப்டியாத்தா, எளச்சுட்டியேத்தான்னு ஆரம்பிச்சுச்சு. நானும் அப்பாவும் ஒரு எட்டு, மறுபடி ஒரு எட்டுன்னு நடுவீட்டுல நடந்துக்கிட்டு இருந்தோம். தங்கச்சி என்னமோ கேட்டா. அம்மா திரும்பிக்கூடப் பாக்காம பதில் சொல்லுச்சு.

"அக்காவா? உள்ள இருக்கா. அப்பாவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா."